பக்கத்து ஷெட்டுக்குத்தானே!

ஊருக்கு ஊர் இந்தக் காட்சி உண்டு. வருடக்கணக்கில் படுதா மூடிக் கிடந்த அம்பாசடரை யாரோ விலைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். டயருக்குக் காற்று அடித்தாயிற்று. மெக்கானிக் பெடலை மிதித்துப் பார்க்கிறார். அது தரையைத் தொட்டுவிட்டு அங்கேயே கிடக்கிறது. "பிரேக் சுத்தமா இல்லண்ணே." "இருக்கட்டும்ப்பா, பக்கத்து ஷெட்டுக்குத்தானே, தள்ளிக்கிட்டே போயிடலாம்." எதிர்வீட்டுப் பையன்களும் பெட்டிக்கடைக்காரரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நிற்கிறார்கள். ஸ்டியரிங்கில் உட்கார ஒரு பெரியவர் கிடைத்துவிடுகிறார். இன்னொருவன் கையில் செங்கல்லைக் கொடுத்து, "கூடவே வா, தேவைப்பட்டா சக்கரத்துக்கு அடியில போடு" என்கிறார்கள். அந்த ஒருவன் பெரும்பாலும் கூட்டத்திலேயே வயதில் சிறியவனாக இருப்பான்.

பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வண்டி ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் அந்த உரையாடலில் தூரத்தைப் பற்றி மட்டுமே பேச்சு வருவதைக் கவனிக்க வேண்டும். பிரேக் இல்லாத வண்டிக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, வழியில் சரிவு இருக்கிறதா என்பது. அதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் நடந்துபோகிற காலுக்குச் சிறு சரிவு தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் எடையுள்ள கார். இருபது அடிக்கு ஓர் அடி இறங்குகிற தெரு. மழைத்தண்ணீர் ஓடுவதற்காக ஏற்றிப் போட்ட சிமென்ட் சாலையிலிருந்து பக்கத்துச் சந்துக்குள் இறங்கும் இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும். அந்தச் சரிவு காரைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமம். டயரும் பேரிங்கும் தரும் தடை 15 கிலோ போனால், மீதி 35. நின்றுகொண்டிருக்கிற காரை அந்தச் சரிவில் திடமான ஓர் ஆள் ஒற்றையாகத் தாங்கிப் பிடித்துவிடுவார். இங்கேதான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். "பாத்தியா, ஒரு கையாலயே பிடிச்சுக்கலாம்" என்கிற தைரியம் வருவது இந்த 35 கிலோவை நம்பித்தான். கை நழுவி அதே கார் 20 மீட்டர் உருண்டால், பத்துப் பதினோரு வினாடிக்குள் அதன் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் ஆகிவிடும். அதை ஒரு மீட்டருக்குள் நிறுத்த 700 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். தெருவில் நிற்கிற எல்லோரும் சேர்ந்தாலும் முடியாது. 50 மீட்டர் உருண்டால் வேகம் 21 கிலோமீட்டர்.

அதே கார் சமதளத்தில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டரில், அதாவது சாதாரண நடையைவிட மெதுவாக நகர்ந்தால், 50 கிலோ விசையில் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். ஆக, வேகமே ஏறவிடாமல் நகர்த்துவதுதான் இந்த வேலையின் முழு ரகசியமும். ஏறிய பிறகு நிறுத்துவதற்கு வழி கிடையாது.

சரிவும் சக்கரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் ரயிலிடம் படித்தது. 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்மு பகுதியின் கத்துவா நிலையத்தில், ஜல்லி ஏற்றிய 53 பெட்டிகளோடு ஒரு சரக்கு ரயில் ஓட்டுநர் மாறுவதற்காக நின்றிருந்தது. ஆள் இல்லாமல் அது தானே நகர ஆரம்பித்து, பஞ்சாபின் ஊஞ்சி பஸ்ஸி வரை 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. தண்டவாளத்தில் மரக்கட்டைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டு நிறுத்தினார்கள். யாருக்கும் காயமில்லை, அது அதிர்ஷ்டம்.

அயர்லாந்தின் ஆர்மாவில் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. 1889 ஜூன் 12. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிய சுற்றுலா ரயில், மேட்டின் உச்சியை எட்டும் முன்பே இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன் ஐந்து பெட்டிகளை அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டு மற்றவற்றுக்குத் திரும்பி வரலாம் என்று முடிவெடுத்தார்கள். குறைந்த தூரம்தான். அந்த ரயிலின் வெற்றிட பிரேக், இணைப்பைக் கழற்றினால் செயலிழந்துவிடும் வகை. ஆகவே பின்னால் நின்ற பத்துப் பெட்டிகளைத் தாங்கியது கடைசிப் பெட்டியின் கை பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களும். இஞ்சின் கிளம்பும்போது லேசாகப் பின்னால் வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. குழந்தைகள் நிறைந்த பெட்டிகள் ஒன்றரை மைல் பின்னோக்கி உருண்டு, எதிரே ஏறி வந்த இன்னொரு ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: பயணிகள் ரயில் அத்தனையிலும் தானியங்கி பிரேக் இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பதை நம்பி மனிதரை ஏற்றக்கூடாது என்பதை ரயில்வே ஏற்றுக்கொண்டு 135 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம்மூர்த் தெருவில் இன்னும் செங்கல்தான்.

நெடுநாள் நின்ற காரில் பிரேக் ஏன் போகிறது? பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிற திரவம். கடலோர ஊர்களில் அது இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும். அந்த ஈரம் மாஸ்டர் சிலிண்டரையும் நான்கு சக்கரத்து வீல் சிலிண்டர்களையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. ரப்பர் வாஷர்கள் காய்ந்து வெடிக்கின்றன. பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் சுற்றுதான்; ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. இரண்டு சுற்றாகப் பிரிக்கும் முறை உலகமெங்கும் பரவலானது 1960களுக்குப் பிறகு.

இதைவிட மோசமானது, இருப்பதுபோல் ஏமாற்றும் பிரேக். ஷெட்டுக்குள் இரண்டு முறை மிதித்துப் பார்க்கும்போது பெடல் கெட்டியாக இருக்கும். 'பரவாயில்லை, பிடிக்குது' என்று வெளியே எடுப்பார்கள். பதற்றத்தில் முழு அழுத்தத்தோடு மிதிக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போய்த் துருவில் உரசிக் கிழிந்துவிடும். அந்த ஒரே மிதியில் பெடல் தரைக்குப் போய்விடும். பழைய வண்டிக்குப் பிரேக் ஆயில் மாற்றி ஏர் எடுக்கிற அனுபவசாலிகள், பெடலை அடிவரை மிதிக்காதே என்று பையன்களைத் திட்டுவது இதற்காகத்தான்.

கொஞ்சம் புதிய கார்களில் ஏமாற்று வேறு வகை. இஞ்சின் ஓடினால்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்யும். இஞ்சின் நின்ற பிறகு ஒன்றிரண்டு மிதிக்கு மிச்சம் இருக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பதை மறந்து, காரைத் தள்ள ஆரம்பித்த பிறகு சாவியைத் தேடி ஓடுகிறவர்களும் உண்டு.

ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்பார்கள். நியாயமான பேச்சுதான். பெரும்பாலான பழைய கார்களில் அது ஆயிலை நம்பாமல், கேபிள் வழியாகப் பின் சக்கரங்களைப் பிடிக்கும். ஆனால் அது இழுப்பதும் அதே பிரேக் ஷூவைத்தான். வீல் சிலிண்டர் கசிந்து ஷூ ஆயிலில் ஊறியிருந்தால் கால் பிரேக்கோடு ஹேண்ட் பிரேக்கும் வழுக்கும். கேபிள் துருவேறி உறைக்குள் சிக்கியிருந்தால் இழுத்த பிறகு விடாது, அல்லது இழுக்கவே வராது. சமதளத்தில், வண்டி நின்ற இடத்திலேயே, நாலு பேர் தள்ளும்போது இழுத்துப் பார்த்துச் சோதித்த ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பலாம்.

தள்ளுவதைவிட ஆபத்தானது டோச்சன், அதாவது இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது. சென்னையில் ஓர் ஆட்டோவை இன்னொரு ஆட்டோக்காரர் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போவதும், கயிற்றில் கட்டிய வேன் ஒன்று இன்னொரு வேனின் பின்னால் ஆடி ஆடி வருவதும் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சிகளாகிவிட்டன. கயிறு இழுக்கத்தான் செய்யும், நிறுத்தாது. முன்வண்டி பிரேக் போட்டால், பிரேக் இல்லாத பின்வண்டி நேராக அதன் முதுகில் ஏறும். அதற்குப் பயந்து பின்வண்டிக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்தால் எதிர்த்திசையில் வருகிறவர் மாட்டுவார். கயிறு தொய்ந்து மறுபடி வெடுக்கென்று விறைக்கும்போது பழைய பம்பர் கையோடு வருவதெல்லாம் சின்ன நஷ்டம்.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறை, கட்டி இழுக்கும்போது இரு வண்டிக்கும் நடுவே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும் அல்லது முன் சக்கரங்கள் கிரேனில் தூக்கப்பட்டிருக்க வேண்டும், பின்னால் 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் அறிவிப்பு எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. 2017இல் அதன் இடத்துக்குப் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தன. பழைய விதியில் ஒரு விநோதம்: உரிமம் கேட்டது, எழுத்தின் உயரம் கேட்டது, பின்வண்டியில் பிரேக் வேலை செய்கிறதா என்று கேட்கவில்லை. 24 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 6.7 மீட்டர். முன்வண்டி அப்படியே நின்றுவிட்டால், ஐந்து மீட்டர் இடைவெளி முக்கால் வினாடியில் தீர்ந்துவிடும். முன்வண்டியின் சிவப்பு விளக்கைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் நகர்வதற்கே அந்த நேரம் போதாது. நகர்ந்த காலுக்கும் அங்கே மிதிக்க எதுவும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. குறைபாடு இருப்பது தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ ஒரு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவருக்கும், ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1,500 ரூபாய்வரை அபராதம். அதனால் விபத்தாகி யாருக்காவது காயம் பட்டால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 'அனுமதிப்பவர்' என்பதை உரிமையாளர்கள் படிக்க வேண்டும். "நான் ஓட்டலை, பசங்கதான் தள்ளினாங்க" என்பது அங்கே பெரிதாக உதவாது.

லாரி உலகத்தில் இந்தக் கதை தலைகீழ். காரில் ஆயில் போனால் பிரேக் போகும். இன்றைய கனரக லாரிகளில் ஏர் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரத்துப் பிரேக் சேம்பருக்குள் வலுவான ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கை அழுத்தத் தயாராக இருக்கிறது. டேங்கில் ஏர் ஏறினால்தான் அந்த ஸ்பிரிங் பின்வாங்கி வண்டியை விடும். ஆர்மா விபத்துக்குப் பிறகு ரயிலுக்குக் கட்டாயமான அதே தத்துவம்தான். ஆகவே இஞ்சின் செத்து ஏர் இறங்கிய லாரி இம்மியும் நகராது. அதை நகர்த்த மெக்கானிக்குகள் சேம்பரின் பின்னாலுள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை உள்ளேயே அடைத்துவிடுவார்கள். முறைப்படி செய்யப்படுகிற வேலைதான், தவறில்லை. ஆனால் கடைசி போல்ட் இறுகிய நொடியிலிருந்து அந்தப் பத்து டன் இரும்புக்கு எந்த பிரேக்கும் இல்லை. பாதுகாப்புக்காக வடிவமைத்த ஒன்றைக் கையால் அணைத்துவிட்டோம் என்ற நினைவே இல்லாமல், முன்னால் இழுப்பதற்கு ஆள் வருமுன் சக்கரத்துக்குக் கட்டை போடாமல், லாரிக்கு அடியிலேயே படுத்து வேலையைத் தொடர்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அங்கேயும் அடியில் இருப்பது கிளீனர்தான். வண்டி யாருடையதாக இருந்தாலும் சக்கரத்துக்கு மிக அருகில் நிற்பவர் சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவராகவே இருக்கிறார். தொப்பூர் கணவாய்போல் இறக்கத்துக்குப் பேர்போன சாலைகளில் பிரேக் போன லாரிகள் செய்தியாகின்றன. ஷெட் வாசலில் நசுங்கும் பாதங்கள் செய்தியாவதில்லை.

இத்தனைக்கும், பிரேக் இல்லாத பெரும் பாரத்தைக் குறுகிய தூரம் பத்திரமாக நகர்த்தும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தேர் என்பது வேறென்ன? திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. இன்று அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக் உண்டு. அப்படி எதுவும் இல்லாமல் நூற்றாண்டுகளாக ஓடிய தேர்கள் ஊர்தோறும் இருந்தன, இன்றும் பல இருக்கின்றன. வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். தேரை நடத்துவது அவர்கள் அல்ல. பின்னாலிருந்து சன்னை போட்டுச் சக்கரத்தை நெம்புகிறவர்களும், சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோடு நடக்கிறவர்களும்தான். ஆப்பு வடிவக் கட்டையைச் சரியான நேரத்தில் சரியான சக்கரத்துக்கு முன்னால் கொடுத்து வேகத்தைக் குறைப்பார்கள். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்துத் தேரைத் திருப்புவார்கள். நிலையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தலைமுறையாகக் கற்ற தொழில். பாதை எங்கே சரிகிறது, எந்த முனையில் தேர் எந்தப் பக்கம் சாயும் என்பது அவர்களுக்குக் காலிலேயே தெரியும். வடம் பிடிப்பவர்களின் உற்சாகத்துக்கு அவர்கள் கட்டுப்படுவதில்லை. அவர்கள் கைகாட்டினால் வடம் நிற்க வேண்டும்.

தெருவில் காரைத் தள்ளும் கூட்டத்தில் இது தலைகீழாக இருக்கிறது. தள்ளுகிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், ஸ்டியரிங்கில் இருப்பவர் உத்தரவு போடுகிறார், கட்டை வைத்திருக்கிற பையனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாற்ற வேண்டியது முதலில் இதைத்தான். கட்டை வைத்திருப்பவர்தான் அந்த நேரத்துப் பிரேக். அவர் வயதில் மூத்தவராக, நிதானமானவராக, 'நில்' என்றால் மற்றவர்கள் நிற்கக் கூடியவராக இருக்க வேண்டும். செங்கல் உதவாது, உடையும். ஆப்பாகச் செதுக்கிய மரக்கட்டை, அதில் நீளமான கைப்பிடி, பக்கவாட்டிலிருந்து கொடுக்கும் வசதி. சக்கரத்துக்கு முன்னால் குனிந்து வைக்கிற நிலையே வரக்கூடாது. வண்டிக்கு முன்னால் நின்று தாங்கிப் பிடிக்க ஒருவரையும் விடக்கூடாது. அந்த 35 கிலோ கணக்கு உயிரைக் கேட்கும்.

சமதளத்தில் இஞ்சின் கைகொடுக்கும். பழைய பெட்ரோல் காரில் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டாரே வண்டியைத் தவழ்ந்து நகர்த்தும். சாவியை விட்டதும் வண்டி நின்றுவிடும். பேட்டரி நன்றாக இருக்க வேண்டும், விட்டுவிட்டுச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் சூடேறி எரியும். டீசல் வண்டிக்கும், கிளச்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் புதிய கார்களுக்கும் இது ஒத்துவராது. ஷெட்டுக்குள் இரண்டு கார் நீளம் நகர்த்த இதைவிடப் பாந்தமான வழி இல்லை. கிளச்சை மட்டும் தொடக்கூடாது. பதறுகிற கால் கிளச்சையும் பிரேக்கையும் சேர்த்தே தேடும். கிளச் அமுங்கியதும் இஞ்சின் கொடுத்த பிடியும் விட்டுப்போகும்.

சரிவு இருந்தால், அல்லது பொதுச்சாலையைத் தொட வேண்டியிருந்தால், பேச்சுக்கு இடமில்லை: ரெக்கவரி வண்டியை அழைத்து வின்ச்சால் மேலே ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். அதற்கான வாடகை, துருப்பிடித்த காரின் விலையோடு ஒப்பிட்டால் கசக்கத்தான் செய்யும். பழைய ஆட்டோவை விற்றுக் கடனடைக்கிறவரிடம் இதைச் சொல்வது எளிதில்லை. ஆனால் அரசாங்கத்திடம் சொல்லலாம். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்றாகிவிட்டது. அலுவலக வளாகங்களின் மூலைகளிலும் காவல் நிலைய வாசல்களிலும் கிடக்கிற ஜீப்புகள், வேன்கள், பறிமுதல் வண்டிகள் எல்லாம் ஒருநாள் வண்டி உடைக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும். பழைய வாகனக் கொள்கை பற்றிய பேச்சு பெரும்பாலும் வரி, சலுகை, புகை என்றே இருக்கிறது. அந்தக் கடைசிப் பயணம் கயிறும் செங்கல்லும் கொண்டு நடக்குமா என்பதும் பேசப்பட வேண்டும்.

இரண்டு வரி போதும். பிரேக் வேலை செய்யாத வண்டியைப் பொதுச்சாலையில் கயிற்றில் கட்டி இழுக்கவே கூடாது, ஏற்றியோ தூக்கியோதான் கொண்டுபோக வேண்டும் என்று விதியில் வெளிப்படையாக ஒரு வரி. அரசு வண்டிகளை ஏலம் விடும் அறிவிப்பில், எடுத்தவர் அப்படித்தான் கொண்டுபோக வேண்டும் என்று இன்னொரு வரி. ஏற்றுக்கூலியைக் கணக்கில் வைத்து ஏலக்காரர்கள் வண்டிக்குச் சில ஆயிரம் குறைத்துக் கேட்பார்கள். கருவூலம் அதைத் தாங்கும்.